கதையை எப்படி முடிப்பது? கடைசிப் பக்கத்தில் சிக்கி நிற்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முக்கால்வாசிக் கதை எழுதியாகிவிட்டது. பாத்திரங்கள் பேசுகிறார்கள், கோபப்படுகிறார்கள், நம் கையை மீறி நடக்கவும் தொடங்கிவிட்டார்கள். இனி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. ஒரு வாரம் போகிறது, ஒரு மாதம் போகிறது. கோப்பின் பெயரோடு 'கடைசி', 'கடைசி 2', 'புதிய கடைசி' என்று ஒட்டுகள் சேர்ந்துகொண்டே போகின்றன.

என்னிடமும் இப்படி நின்றுபோன கதைகள் இருந்தன. அவற்றில் சிலவற்றை வருஷங்கள் கழித்துத்தான் முடித்தேன். எதற்கும் முடிவு கடைசிப் பக்கத்தில் கிடைக்கவில்லை. முதல் சில பக்கங்களிலேயே கிடந்தது. நான் அங்கே திரும்பிப் போய்ப் பார்த்திருக்கவில்லை. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த அனுபவத்திலிருந்து வந்தவை. முடிவைப் புதிதாகக் கற்பனை செய்வதைவிட, ஏற்கெனவே எழுதியதற்குள் தேடுவதற்கே இவை உதவும்.

பேச்சுக்கு ஒரு கதையைக் கையில் வைத்துக்கொள்வோம். செல்வி என்றொரு பெண். அவள் கணவன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இறந்துவிட்டான். எழுதப் படிக்கத் தெரியாத மாமியாரிடம் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மாதம் ஒரு கடிதத்தை அவளே எழுதி, மகன் எழுதியதாக வாசித்துக் காட்டுகிறாள். மாமியார் சொல்லச் சொல்லப் பதிலும் எழுதுகிறாள். உறையில் முகவரி எழுதி, தபாலில் சேர்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒரு தகரப்பெட்டியில் போட்டு வைக்கிறாள். ஏழு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. இப்போது மாமியார் படுத்த படுக்கை. இந்தக் கதையை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது?

முதல் படி: கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

எழுதியதை முதல் வரியிலிருந்து ஒரே மூச்சில் படியுங்கள். திருத்தக் கூடாது. பக்கத்தில் ஒரு வெற்றுத்தாள் போதும். வாசகர் மனதில் எங்கே என்ன கேள்வி எழும் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பத்துப் பதினைந்து கேள்விகள் சேரும். பெரும்பாலானவற்றுக்கு அடுத்தடுத்த பக்கங்களிலேயே பதில் வந்துவிடும். பதில் வராமல் கடைசி வரை நிற்பவை இரண்டோ மூன்றோதான்.

அவற்றை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று சம்பவக் கேள்வி: அடுத்து என்ன நடக்கும்? செல்வியின் கதையில் அது, 'மாமியாருக்கு உண்மை தெரியவருமா?' இன்னொன்று உள்கேள்வி: இந்த மனுஷி என்ன ஆவாள்? ஏழு வருஷமாகக் கணவன் குரலில் எழுதிக்கொண்டிருப்பவள் யாருக்காக எழுதுகிறாள்? மாமியாருக்காகவா, அவனை விட முடியாத தனக்காகவா?

முடிவில் சிக்கியவர்கள் பலரும் சம்பவக் கேள்வியோடு மட்டுமே மல்லுக்கட்டுகிறார்கள். மாமியாருக்குத் தெரிந்துவிட்டது என்று எழுதிப் பார்க்கிறார்கள், சப்பென்று இருக்கிறது. தெரியாமலே இறந்தாள் என்று மாற்றுகிறார்கள், அதுவும் சப்பென்று இருக்கிறது. கதையின் கனம் வேறு இடத்தில் இருப்பதால் இந்தப் பக்கம் எதை அசைத்தாலும் அது அசையாது. உள்கேள்வி கைக்கு வந்த பிறகு அதே இரண்டு பதில்களும் உயிரோடு தெரியும்.

உள்கேள்வி ஒன்றுமே அகப்படவில்லை என்றால் முடிவை மறந்துவிட்டுத் தொடக்கத்துக்குப் போங்கள். இந்த ஆள் எதை விரும்புகிறார், எது அவரைத் தடுக்கிறது, எதை ஒத்துக்கொள்ள மறுக்கிறார்? இந்த மூன்றில் ஒன்றாவது முதல் பக்கங்களில் இல்லாத கதைக்கு எத்தனை மாதம் உட்கார்ந்தாலும் முடிவு வராது.

அரிஸ்டாட்டில் தன் 'கவிதையியல்' நூலில் முடிவுக்கு ஒரு விளக்கம் தருகிறார்: முன்னால் நடந்ததிலிருந்து கட்டாயமாகவோ இயல்பாகவோ விளைவது, தனக்குப் பின்னால் வேறொன்றும் தேவைப்படாதது. இந்த இரண்டு நிபந்தனைகளையும் சுவரில் எழுதி ஒட்டி வைக்கலாம். இரண்டாவதைப் பற்றித்தான் நாம் கவலைப்படுகிறோம். பழுது பெரும்பாலும் முதலாவதில் இருக்கும்.

இரண்டாம் படி: கடைசித் தேர்வை உங்கள் பாத்திரத்தின் கையில் கொடுங்கள்

பழைய கிரேக்க நாடக மேடையில் ஒரு பாரந்தூக்கி உண்டு. தெய்வ வேடம் போட்ட நடிகரை அதில் ஏற்றி மேலிருந்து இறக்குவார்கள்; தெய்வம் தீர்ப்புச் சொல்லும், சிக்கல் தீரும், நாடகம் முடியும். முடிச்சு அவிழ்வது கதைக்குள்ளிருந்தே வர வேண்டும், அந்த இயந்திரத்திலிருந்து வரக் கூடாது என்று அரிஸ்டாட்டிலே கண்டித்திருக்கிறார். இப்போது தெய்வம் இறங்குவதில்லை. லாரி மோதுகிறது, மாரடைப்பு வருகிறது, காணாமல் போன உயில் பரணில் கிடைக்கிறது.

தற்செயல் ஒரு கதையைத் தொடங்கி வைக்கலாம். நடுவில் சிக்கலைக் கூட்டலாம். வாசகர் முகம் சுளிக்க மாட்டார். சிக்கலைத் தீர்த்து வைக்கவும் அதுவே வந்தால்தான் மோசம் போனதாக நினைப்பார். இத்தனை பக்கம் ஒரு மனுஷியின் பின்னால் நடந்து வந்தவரிடம், கடைசியில் அவள் ஒன்றும் செய்யவில்லை, மழைதான் எல்லாவற்றையும் செய்தது என்று சொல்வது நியாயமில்லை.

ஆகவே முடிவுக்குச் சற்று முன்னால் உங்கள் முக்கியப் பாத்திரத்தை ஒரு தேர்வின் முன் நிறுத்துங்கள். எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒன்றை இழக்க வேண்டும். ஒரு பக்கம் நல்லது, மறுபக்கம் கெட்டது என்றால் அது தேர்வே இல்லை. செல்வி உண்மையைச் சொன்னால் ஒரு கிழவியின் கடைசி நாள்களைக் குலைக்கிறாள். சொல்லாவிட்டால், ஒரு தாய் தன் மகன் போனது தெரியாமலே போகிறாள். அவனுக்காகச் சேர்ந்து அழ உலகத்தில் இருந்த ஒரே ஆளையும் செல்வி இழக்கிறாள். இதை எழுதிய பிறகுதான் அந்தக் கட்டிலைச் சுற்றி எனக்கு ஒரு கனம் தெரிந்தது.

வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொள்வதும் தேர்வுதான். ஆனால் அவளால் பேசியிருக்க முடியும் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். அறையில் வேறு யாரும் இல்லை, மாமியார் விழித்திருக்கிறாள், அவளே 'என்னவோ சொல்ல வந்தியே' என்று கேட்கிறாள். அப்போது சும்மா இருந்தால் அது செயல். பேச வாய்ப்பே தராமல் சும்மா இருக்க வைத்தால், எழுதியவர் அவள் வாயைக் கட்டிவிட்டார் என்றுதான் படும்.

மூன்றாம் படி: ஒரு முடிவோடு நிற்காதீர்கள்

முதலில் தோன்றும் முடிவை உடனே எழுதிவிடுங்கள். மனதிலேயே வைத்திருந்தால் வாசலை அடைத்துக்கொண்டு மற்றவற்றை உள்ளே விடாது. செல்வியின் கதையைப் படிக்கும்போதே உங்களுக்கும் ஒன்று தோன்றியிருக்கும்: 'மாமியாருக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும்.' எனக்கும் அதுதான் முதலில் வந்தது. எழுதுகிறவருக்கு முதலில் வருவது வாசகருக்கும் முதலில் வரும். அவர் அதைப் பாதியிலேயே ஊகித்துவிட்டு, சரிதானா என்று பார்க்கத்தான் மீதியைப் படிப்பார்.

அதை எழுதி ஓரமாக வைத்துவிட்டு இன்னும் ஐந்தாறு எழுதுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரி போதும். நான் எழுதியவை இவை. செல்வி உண்மையைச் சொல்கிறாள், மாமியார் நம்ப மறுத்து, 'அப்போ போன மாசம் எழுதினது யாரு?' என்கிறாள். மாமியார் இறந்த பிறகு, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து செல்வி இன்னொரு கடிதம் வாசிக்கிறாள். செல்வியின் பத்து வயது மகள் தகரப்பெட்டியைத் திறந்துவிடுகிறாள். இறந்தவனின் பழைய முதலாளியிடமிருந்து உண்மையான கடிதம் ஒன்று வருகிறது (இது பாரந்தூக்கி, எழுதும்போதே தெரிந்தது, ஆனாலும் எழுதினேன், கழித்துப்போட வேண்டுமென்றால் முதலில் தாளில் இருக்க வேண்டும்). கடைசியாக ஒன்று: மாமியார் வழக்கம்போலப் பதில் சொல்லத் தொடங்குகிறாள். நலம் விசாரிக்கிறாள், மழையைப் பற்றிச் சொல்கிறாள், பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொல்கிறாள்: 'அவனுக்கு வேலை அதிகம். இனிமே எழுத வேண்டாம்னு எழுதிடு, செல்வி.'

இந்த இடத்தில் நின்றேன். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பது அந்த வரியில் இல்லை. இரண்டு விதமாகவும் படிக்கலாம், அது கதையைக் கெடுக்கவில்லை. கனம் முழுக்கச் செல்வி மேல் விழுந்துவிட்டது. இதுவரை மாமியாருக்காக எழுதினாள் என்றால் இனி நிறுத்தலாம், விடுதலை. அவளால் நிறுத்த முடிகிறதா? உள்கேள்விக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்துகிற முடிவு எது என்று தேடினால் இப்படி ஒன்று தட்டுப்படும். மற்றவை மோசமானவை என்று சொல்ல மாட்டேன். அவை வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

முடிவை மாற்றுவது என்றால் கதையையே மாற்றுவது. தமிழில் இதற்கு ஜெயகாந்தனைவிட நல்ல சாட்சி இல்லை. 1966-ல் ஆனந்த விகடனில் வந்த 'அக்னிப் பிரவேசம்' சிறுகதையில், யாரோ ஒருவன் காரில் ஏறிப்போய்த் தன்னை இழந்து திரும்பும் கல்லூரிப் பெண்ணைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி அணைத்துக்கொள்கிறாள். அந்த முடிவைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. பிறகு அவரே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில், அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரறியக் கதறியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்று எழுதினார். ஒரே இரவு, ஒரே வீடு. தாய் செய்த ஒரு காரியம் மாறியதும் சிறுகதைக்குள் அடங்கியிருந்தது ஒரு நாவலாக விரிந்துவிட்டது. நீங்கள் கழித்த முடிவுகளையும் கிழித்துப்போடாமல் வைத்திருங்கள்.

எத்தனை முறை எழுதுவது என்று கேட்பவர்களுக்கு அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1958-ல் வந்த ஒரு பேட்டியில் பதில் சொல்லியிருக்கிறார். 1929-ல் வெளியான 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' என்ற தன் போர்க்கால நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை எழுதினாராம். 2012-ல் அந்த நாவல் மறுபதிப்பாக வந்தபோது அவர் விட்டுச்சென்ற தாள்களிலிருந்து 47 முடிவுகளை எடுத்துச் சேர்த்திருந்தார்கள். சில ஒரே வாக்கியம், சில பத்திகள்.

நான்காம் படி: எந்த வகை முடிவு?

வகைகளை அடுக்கிக்கொண்டே போகலாம். நடைமுறையில் தகராறு செய்பவை இரண்டுதான்: திருப்பமும் திறந்த முடிவும்.

திருப்பத்துக்கு ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். முடிவு தெரிந்த பிறகு கதையை இரண்டாம் முறை படித்தால் முன்னைவிட நன்றாக இருக்கிறதா? இருந்தால் அது திருப்பம். வெறும் ஏமாற்று என்றால் இரண்டாம் வாசிப்பில் காகிதமாகிவிடும். இங்கே பலர் கவனிக்காத ஒரு நேர்மை இருக்கிறது. கதை யார் மனதுக்குள்ளிருந்து சொல்லப்படுகிறதோ, அவருக்குத் தெரிந்ததைக் கடைசி வரை ஒளிக்க உங்களுக்கு உரிமை இல்லை. செல்வியின் மனதுக்குள் உட்கார்ந்துகொண்டு கதை சொல்கிறேன். அப்படியானால் கணவன் இறந்த செய்தியைக் கடைசிப் பத்திக்கு ஒளித்து வைக்க முடியாது. அவள் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். அதை ஒளித்தே தீர வேண்டும் என்றால் கதையை மாமியாரிடமோ, வெளியே நின்று பார்க்கும் ஒருவரிடமோ கொடுத்துவிட வேண்டும். நான் இரண்டாம் பக்கத்திலேயே உடைத்துவிட்டேன். வாசகரும் அந்தப் பொய்யைச் சேர்ந்து சுமக்கட்டும் என்று.

திறந்த முடிவைப் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. ஆசிரியருக்கே தெரியாததால் விட்ட முடிவும், தெரிந்தும் சொல்லாமல் விட்ட முடிவும் தாளில் ஏறக்குறைய ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் படிக்கிறவருக்கு வித்தியாசம் எப்படியோ தெரிந்துவிடுகிறது. உங்களுடையது எது என்று அறிய, கதை முடிந்த மறுநாள் காலையை உங்களுக்காக மட்டும் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத வந்தால் அதை எடுத்து வைத்துவிட்டுக் கதையைத் திறந்தே விடலாம். எழுத வராவிட்டால் முதல் படிக்குத் திரும்புங்கள். சம்பவக் கேள்வியைத் திறந்து விடலாம், தவறே இல்லை. உள்கேள்வியில் மட்டும் ஏதாவது ஒன்று நகர்ந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் நின்ற அதே இடத்தில், அதே அறியாமையோடு பாத்திரத்தை விட்டுவிட்டு அதைத் திறந்த முடிவு என்று சொல்ல முடியாது.

இன்பமா துன்பமா என்பதைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். சோகம் ஆழமானது, மகிழ்ச்சி மலிவானது என்ற எண்ணத்தில் கடைசியில் யாரையாவது சாகடிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். அந்தச் சாவு கதையின் கேள்விக்குப் பதில் சொல்கிறதா, கேள்வியிலிருந்து தப்பிக்க வைக்கிறதா என்று பாருங்கள். 'எல்லாம் கனவு' என்பதும் அந்த வகைத் தப்பித்தல்தான்.

ஐந்தாம் படி: முடிவிலிருந்து பின்னோக்கி நடந்து விதையுங்கள்

முடிவு கிடைத்துவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. அது இயல்பாக விளைந்ததாகத் தெரிய வேண்டுமென்றால் கதை நெடுகிலும் விதை கிடக்க வேண்டும்.

விக்கிரமாதித்தனும் வேதாளமும் நமக்கெல்லாம் தெரிந்த கதைகள். அரசன் வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும். விடை தெரிந்தும் பேசாமல் இருந்தால் தலை வெடித்துவிடும். இந்த விதி தொடக்கத்திலேயே நம் கையில் தரப்படுகிறது. ஒவ்வொரு கதைக்கும் அவன் சரியான விடை சொல்கிறான், ஒவ்வொரு முறையும் வேதாளம் தப்பிக்கிறது. கடைசிப் புதிருக்கு மட்டும் அவனுக்கு விடை தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். அந்த மௌனத்தாலேயே வேதாளம் வசப்படுகிறது. வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை. இத்தனை முறை அவனைத் தோற்கடித்த அதே விதி இந்த முறை அவனை ஜெயிக்க வைக்கிறது. யார் எப்போது கட்டினார்களோ, முடிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் திரும்பத் திரும்பப் போவது இந்தக் கட்டுமானத்திடம்தான்.

செய்முறை இதுதான். முடிவுக் காட்சியில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும், வழக்கத்தையும், முக்கியமான சொல்லையும் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றும் முன்னால் எங்கே வந்திருக்கிறது என்று எதிரே பக்க எண் எழுதுங்கள். பக்க எண் இல்லாதவை உங்கள் வேலைப் பட்டியல். செல்விக்கு என் பட்டியல்: பதில் சொல்லி எழுதும் சடங்கு, உறையில் முகவரி எழுதுவது, தகரப்பெட்டி, 'அவனுக்கு வேலை அதிகம்' என்ற வாக்கியம். கடைசியாகச் சொன்னது முன்னால் எங்குமே இல்லை. இரண்டாம் வரைவில் இரண்டு இடத்தில் சேர்த்தேன். முதலில் செல்வியே, கடிதம் தாமதமான ஒரு மாதத்தில், சமாளிப்பதற்காக மாமியாரிடம் சொல்கிறாள். பிறகு அக்கம்பக்கத்தார் விசாரிக்கும்போது மாமியார் பெருமையாகச் சொல்கிறாள். மூன்றாம் முறை கட்டிலில் கேட்கும்போது, செல்வி சொன்ன பொய் அவளுக்கே திரும்பி வருகிறது.

விதையை வாசகரின் கண் வேறொன்றில் இருக்கும்போது போடுங்கள். சண்டைக்கு நடுவில், சிரிப்புக்கு நடுவில். தனி வாக்கியமாக, பத்தியின் கடைசியில் வைத்தால் அது விதை இல்லை, அறிவிப்புப் பலகை. கூடவே எதிர்த்திசையிலும் ஒரு நடை போங்கள்: முன்னால் அழுத்தமாக வைத்துவிட்டுப் பின்னால் தொடாமலே விட்ட பொருள்கள் எவை? அவற்றைக் குறைத்து எழுதுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: உச்சத்துக்குப் பிறகு எவ்வளவு தூரம்?

உச்சக்கட்டமும் முடிவும் ஒன்றல்ல. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிவதோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் பலர் நினைவில் இருக்கிறது. ஆனால் மொத்தம் 30 காதைகளில் 7 காதைகள் அதற்குப் பின்னால், வஞ்சிக் காண்டத்தில் இருக்கின்றன. சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து பத்தினிக்குக் கோயில் எடுக்கிறான். நீதி கேட்டவள் தெய்வமாவது அந்தக் காப்பியத்துக்குத் தேவைப்பட்டது. அதனால் அத்தனை இடம் கொடுத்தார்கள். உச்சம் ஒரு கேள்வியை அடைக்கிறது, அதைவிடப் பெரியது ஒன்று திறந்து கிடக்கிறது என்றால் கதை தொடரத்தான் வேண்டும்.

நீளமான தொடருக்கு இன்னொரு கடமையும் உண்டு. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்து முடிந்தபோது, இன்னார் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி விளக்கம் தர வேண்டியிருந்தது. வருஷக்கணக்கில் கூட வந்த வாசகருக்கு ஒவ்வொரு பாத்திரத்திடமும் விடைபெறும் ஆசை இருக்கும். நாவல் எழுதுகிறீர்கள் என்றால் அதற்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். எல்லோருக்கும் கல்யாணம், குழந்தை, வேலை என்று கணக்குத் தீர்க்க வேண்டியதில்லை. இரண்டாம் வரிசைப் பாத்திரங்களைக் கடைசியாக எந்தக் காட்சியில் பார்க்கிறோமோ அதையே அவர்களின் விடைபெறுதலாக அமைத்துவிடலாம்.

சிறுகதைக்கு இந்தச் சலுகை கிடையாது. உச்சம் முடிந்த பிறகு ஒரு பத்தி, மிஞ்சிப்போனால் ஒரு பக்கம். உங்கள் கையெழுத்துப் பிரதியில் கடைசிப் பத்தியை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டதா? பெரும்பாலும் ஆமாம். அந்தப் பத்தியை எடுத்துவிட்டு அதற்கு முந்தியதையும் மறைத்துப் பாருங்கள். ஏதோ குறைகிறது என்று படும் வரை மேலே போகலாம். நாம் எழுதும் கடைசிப் பத்தி பெரும்பாலும் வாசகருக்காக எழுதப்படுவதில்லை. கதை புரிந்திருக்குமோ புரியாதோ என்ற நம் பயத்துக்காக எழுதப்படுகிறது. 'அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது' என்று தொடங்கும் பத்தி எதுவானாலும் முதலில் அதை எடுத்துவிட்டுப் படியுங்கள்.

ஏழாம் படி: கடைசி வரி

இதில் தமிழ் நமக்குத் தரும் வசதிகளை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. நம் வாக்கியம் பெரும்பாலும் வினையில் முடியும். கதையின் கடைசி ஒலியும் அதுவே. ஆகவே கடைசி வினை எந்த வடிவத்தில் நிற்கிறது என்பது கதை எப்படி மூடுகிறது என்பதையே தீர்மானித்துவிடும்.

'பேனாவை மூடினாள்' என்றால் ஒரு செயல் நடந்தது, அவ்வளவுதான். 'பேனாவை மூடிவிட்டாள்' என்றால் ஒரு தீர்மானம் விழுகிறது; இனித் திறக்க மாட்டாள் என்று காது கேட்டுக்கொள்கிறது. 'பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்' என்றால் நேரம் நீள்கிறது, கதை முடிந்த பிறகும் அவள் அங்கேயே இருக்கிறாள். 'பேனாவை மூடுகிறாள்' என்றால் நம் கண்முன் நடக்கிறது. கதை முழுக்க இறந்தகாலத்தில் வந்து கடைசி வரி மட்டும் நிகழ்காலத்துக்கு மாறினால் ஒரு அதிர்வு உண்டு, ஆனால் அதை ஒரு முறைக்கு மேல் செய்தால் உத்தியாகத் தெரியும். வினையையே விட்டுவிட்டுப் பெயரில் நிறுத்தலாம்: 'மடியில் மூடாத பேனா.' படம் நின்றுவிடும். இந்த ஐந்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஐந்தும் ஐந்து வேறு கதைகளின் முடிவு.

ஏகாரமும் 'தான்' என்ற சொல்லும் கடைசி வரியில் ஆபத்தானவை. 'அவள் எழுதியது தனக்காகத்தான்.' இப்படி ஒரு வரி வந்தால், கதை முழுக்கச் சொல்லாமல் காத்ததைக் கடைசியில் விரலை நீட்டிச் சொல்லிவிட்டோம் என்று அர்த்தம். தொடர் புள்ளிகளும் அப்படியே. மூன்று புள்ளி வைத்தால் ஆழம் வந்துவிடாது. வாக்கியத்திலேயே ஆழம் இருந்தால் ஒரு புள்ளி போதும். கண்ணீர்த் துளி, பெருமூச்சு, தூரத்துக் கோயில் மணி, திடீர் மழை, எல்லாம் எத்தனையோ கதைகளை முடித்துக் களைத்துப்போனவை. உங்கள் கதைக்குள்ளேயே இருக்கும் ஒரு பொருளைத் தேடுங்கள். அது வேறு யாருடைய கதையிலும் இருக்காது.

செல்வியின் கடைசிப் பத்தியை நான் இப்படி எழுதினேன்:

'மாமியார் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினாள். இனிமே எழுத வேண்டாம். மடித்தாள், உறைக்குள் வைத்தாள், நாவால் தடவி ஒட்டினாள். ஏழு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டே எழுதக்கூடிய முகவரி. பெயரை எழுதினாள். அதற்குக் கீழே பேனா நகரவில்லை.'

முதல் வரைவில் இதற்குப் பிறகு இன்னும் மூன்று வரி இருந்தது. அவள் அழுதாள், மாமியார் கையை நீட்டினாள், விளக்கு அணைந்தது. ஆறாம் படியில் சொன்னபடி விரலால் மறைத்துப் பார்த்தேன். பேனா நகராத இடத்திலேயே முடிந்துவிட்டிருந்தது. கடைசி வினை எதிர்மறையில் இருப்பதும் எனக்குப் பிடித்தது. ஏழு வருஷம் ஓடிய கை நிற்கிறது என்பதைத் தவிர வேறெதையும் அது சொல்லவில்லை.

எட்டாம் படி: இன்னொருவரிடம் கொடுங்கள்

குறைந்தது இரண்டு வாரம் கதையைத் தொடாமல் வையுங்கள். பிறகு சத்தமாகப் படியுங்கள். கண் மன்னித்துவிடுவதைக் காது மன்னிக்காது. கடைசிப் பக்கத்துக்கு வரும்போது உங்கள் குரல் தானாக வேகமெடுக்கிறதா என்று கவனியுங்கள். எழுதும்போதும் அங்கே அவசரப்பட்டிருப்பீர்கள். முடிக்க வேண்டும் என்ற ஆசையில் பேச்சுகள் சுருங்கி, காட்சிகள் செய்தியாக மாறியிருக்கும். மற்ற காட்சிகளுக்குக் கொடுத்த அதே நிதானத்தை இங்கேயும் கொடுத்துத் திரும்ப எழுதுங்கள்.

பிறகு நம்பகமான இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள். 'முடிவு பிடித்திருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டியவை வேறு. எந்தப் பக்கத்தில் முடிவை ஊகித்தீர்கள்? கடைசி வரிக்குப் பிறகு செல்வி என்ன செய்வாள் என்று நினைக்கிறீர்கள்? எங்கே முடிந்துவிட்டது என்று நினைத்தீர்கள்? இரண்டாம் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வந்தாலும் பரவாயில்லை. பதிலே சொல்லத் தெரியாமல் விழித்தால்தான் சரிசெய்ய வேண்டும்.

யோசனைகளை ஏற்பதில் நிதானம் தேவை. டிக்கன்ஸ் தன் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலுக்கு முதலில் எழுதிய முடிவில் நாயகனும் அவன் ஆசைப்பட்ட எஸ்டெல்லாவும் ஒரு தெருவில் சந்தித்து, இரண்டு வார்த்தை பேசிப் பிரிந்துவிடுகிறார்கள். அச்சுக்குப் போகும் முன் அதைப் படித்த அவருடைய எழுத்தாள நண்பர் புல்வர்-லிட்டன் மாற்றச் சொன்னார். 1861-ல் நாவல் வெளிவந்தபோது இருவரும் கைகோத்து வெளியேறும் புது முடிவு இருந்தது. பழைய முடிவை டிக்கன்ஸ் இறந்த பிறகு அவருடைய நண்பர் ஜான் ஃபார்ஸ்டர், தான் எழுதிய டிக்கன்ஸ் வாழ்க்கை வரலாற்றில் வெளியிட்டார். எது சரியான முடிவு என்ற வாதம் அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. என் மனம் பழைய முடிவின் பக்கம். அந்த நாவல் கேட்ட கேள்வி, ஆசைப்பட்டது கிடைக்குமா என்பதைவிட, ஆசைப்பட்டதெல்லாம் எதன் மேல் கட்டப்பட்டிருந்தது என்பது. அதற்குப் பதில் அந்தத் தெருச் சந்திப்பில் இருக்கிறது. நண்பர் ஒருவர் உங்கள் முடிவை மாற்றச் சொன்னால், அவர் எந்தக் கேள்விக்குப் பதில் கேட்கிறார் என்று முதல் படியில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். தாளில் இருக்கும் கேள்வி என்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தாளில் இல்லாத கேள்வி என்றால் அவர் கேட்பது வேறொரு கதையை.

எல்லாம் சரியாக வந்த பிறகு ஒரு வேலை மிச்சம். தலைப்பையும் முதல் வரியையும் மறுபடி பாருங்கள். முடிவு தெரியாமல் எழுதியவை அவை. என் கதைக்கு 'பொய்க் கடிதம்' என்று பெயர் வைத்திருந்தேன், மாமியார் இருமிக்கொண்டே விழிப்பதில் தொடங்கியிருந்தேன். இப்போது அதன் பெயர் 'முகவரி'. முதல் வரியில் செல்வி ஓர் உறையின் மேல் கணவனின் பெயரை எழுதி, அதற்குக் கீழே தெருவையும் ஊரையும் மளமளவென்று எழுதி முடிக்கிறாள்.